முகச்சுருக்கத்துக்கு ஃபில்லர் ஊசி: எதைப் போடுவது, எங்கே போடுவது, யாரிடம் போடுவது

போன ஆவணியில் மகளின் கலியாணம். மூன்று மாதம் முன்பே கனடாவிலிருந்து மச்சாள் வந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் இறங்கிவிட்டாள். வந்த அன்றைக்கே என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "என்ன மச்சாள், மூக்குக்கு ரெண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி வைச்சிருக்கிறீங்க? ஒரு ஊசி போட்டா சரியாயிடும். நானும் போட்டனான்" என்றாள். அவள் சொன்னது ஃபில்லர் ஊசி, அதாவது முகத்தில் குழிந்த இடத்தைத் தோலுக்கு அடியிலிருந்து நிரப்பும் மருந்து.

அடுத்த கிழமை ஒரு சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டொக்டர் யாரும் இல்லை. முகம் கழுவிவிடும் பிள்ளைதான் ஊசியும் போடுமாம். என்ன மருந்து என்று கேட்டேன். "கொரியன் அன்ரி, நல்லது" என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். அதில் எனக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து ஒன்றுகூட இல்லை. மச்சாள் முறைத்தாலும் பரவாயில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு இரண்டு தோல் வைத்திய நிபுணர்களைச் சனல் பண்ணிக் கேட்டேன். வீட்டில் இருந்து நிறைய வாசித்தேன். நான் டொக்டர் இல்லை. ஆனால் சலூன் கதிரையில் உட்காருவதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவை எல்லாம் கீழே இருக்கின்றன. பாதியில் விட்டுவிடுகிறவர்களுக்காக முக்கியமானதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் முறை போடுவதென்றால், கரைக்கக்கூடிய மருந்தை மட்டும் போடுங்கள். கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திருக்கும் டொக்டரிடம் மட்டும் போடுங்கள்.

முதல் படி: கண்ணாடியோடு பத்து நிமிடம்

பகல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், ஜன்னலைப் பார்த்தபடி உட்காருங்கள்.

முதலில் நன்றாக முகத்தைச் சுளியுங்கள், சிரியுங்கள், புருவத்தை உயர்த்துங்கள். பிறகு முகத்தைத் தளர விடுங்கள். சுளிக்கும்போது மட்டும் வந்து, தளர்ந்ததும் மறையும் கோடு தசை போடும் கோடு. அதற்கு ஃபில்லர் தேவையில்லை. தளர்ந்த பிறகும் நிற்கும் கோடு என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அடுத்தது, கன்னத்து எலும்பின் மேல் விரலை வைத்து, தோலைக் காதுப் பக்கமாக மேலே மெதுவாகத் தூக்குங்கள். மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை வரும் மடிப்பு பாதியாகக் குறைகிறதா? அப்படியானால் குறை மடிப்பில் இல்லை, கன்னத்தில் இருக்கிறது. வயது போகப்போக கன்னத்துக் கொழுப்பு மெலிந்து கீழிறங்குகிறது, அடியிலுள்ள எலும்பும் கொஞ்சம் தேய்கிறது. தாங்க ஆள் இல்லாத தோல் மூக்கோரத்தில் வந்து குவிகிறது. எனக்கு இதுதான் நடந்திருந்தது. மச்சாள் சொன்ன வாய்க்காலுக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பினால் வாயைச் சுற்றி முகம் கனத்து, குரங்கு மூஞ்சி மாதிரி முன்னே தள்ளிவிடும். கரையைத் தூக்கினாலே வாய்க்காலின் ஆழம் குறையும்.

கடைசியாகத் தோலை இரண்டு விரலால் இலேசாக இழுத்துப் பாருங்கள். கசங்கிய பட்டுத்துணி போல நுண்ணிய கோடுகள் நிறைய இருந்தால் அது வெயில் செய்த வேலை. கொழும்பு வெயிலில் பாதி ஆயுள் பஸ்சுக்கு நின்ற முகங்களுக்கு இது சாதாரணம். ஃபில்லர் அதற்குப் பெரிதாக உதவாது. எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிறீனும், டொக்டர் எழுதித்தரும் ட்ரெட்டினோயின் கிறீமும் மாதக்கணக்கில் செய்யும் வேலையை ஊசி செய்யாது. கர்ப்பிணிகள் ட்ரெட்டினோயின் பூசக்கூடாது.

கண்ணுக்குக் கீழ்க் கருமை பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்களுடைய தோல் நிறத்துக்கு அங்கே பெரும்பாலும் இருப்பது நிறமி. முகத்தை வெளிச்சத்துக்கு நேரே நிமிர்த்திப் பாருங்கள். கருமை மறைந்தால் அது குழியின் நிழல், ஃபில்லருக்கு இடமுண்டு. மறையாவிட்டால் அது நிறம், எத்தனை ஊசி போட்டாலும் போகாது. அங்கே தோலும் மிக மெல்லியது. ஜெல் மேலோட்டமாக இறங்கினால் நீலம் பாய்ந்தது போலத் தெரியும், காலையில் வீக்கமும் நிற்கும். முதல் முறை போடுகிறவர் தொடவே கூடாத இடம் இது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் படி: பொடொக்ஸ் வேறு, ஃபில்லர் வேறு

கொழும்பில் இரண்டையும் சேர்த்து "முகத்துக்கு ஊசி" என்றுதான் சனம் சொல்கிறது. பொடொக்ஸ் தசையைத் தளர்த்தும். புருவ நடுச் சுளிப்பு, நெற்றிக் கோடு, சிரிக்கும்போது கண்ணோரத்தில் விரியும் கோடு ஆகியவற்றுக்கு அதுதான் பொருத்தம். வேலை தொடங்கச் சில நாட்கள் எடுக்கும், இரண்டு கிழமையில் முழுப்பலன், மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும். ஃபில்லர் தசையை ஒன்றும் செய்யாது. இழந்த கனத்தை நிரப்பும், அவ்வளவுதான்.

புருவ நடுவில் ஃபில்லர் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். காரணம் கடைசிப் படியில் வருகிறது.

மூன்றாம் படி: மருந்தைத் தெரிந்துகொள்வது

ஹையலுரோனிக் அமிலம்தான் முதலில். இது எங்கள் தோலிலும் மூட்டுகளிலும் கண்ணிலும் இயல்பாகவே இருக்கும் பொருள். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். 1934ஆம் ஆண்டு நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ள் மேயரும் ஜோன் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். இதைக் கேட்டதும் என் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். பயப்பட வேண்டாம், இன்றைய ஃபில்லர்களில் இருப்பது பெரும்பாலும் பற்றீரியாவைக் கொண்டு புளிக்க வைத்து எடுப்பது, சைவம்தான். முன்பு சேவல் கொண்டையிலிருந்து எடுத்ததும் உண்டு.

உடம்பில் இயல்பாக இருக்கும் ஹையலுரோனிக் அமிலம் ஓரிரு நாளில் சிதைந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். ஊசியில் வருவதை வேதியியல் முறையில் ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லாக்குவதால், இடத்தையும் வகையையும் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை நிற்கும். ரெஸ்டிலேன், ஜுவெடேர்ம், பெலொடெரோ, டியோசியல் எல்லாம் இந்தக் குடும்பம். ரெஸ்டிலேனுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003இல் அனுமதி கொடுத்தது.

ஒரே பெயரில் பல ஜெல்கள் வரும். வித்தியாசம் இறுக்கத்தில். சிலது கித்துள் பாணி போல இளகியது, சிலது தொதல் போலப் பிடிப்பானது. உதட்டுக்கும் நுண்ணிய கோட்டுக்கும் பாணி, கன்னத்துக்கும் நாடிக்கும் தொதல். மாறிப் போட்டால் உதட்டில் கட்டி தெரியும், கன்னம் தூக்காது. ஆகவே "என்ன பிராண்ட்" என்பதோடு நிற்காமல் "அந்த பிராண்டில் எது, ஏன் இந்த இடத்துக்கு அது" என்றும் கேளுங்கள்.

இந்தக் குடும்பத்துக்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு நன்மை இருக்கிறது. ஹையலுரோனிடேஸ் என்ற நொதியை ஊசியால் ஏற்றினால் ஜெல் கரைந்துவிடும். கூடிப்போனாலும் கரைக்கலாம், கோணிப்போனாலும் கரைக்கலாம். இரத்தக்குழாயை அடைத்துவிட்டால் முகத்தைக் காப்பாற்றுவதும் அதுதான். தேனீ கொட்டினால் கடும் ஒவ்வாமை வரும் ஆட்கள் இதை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லவேண்டும், அந்த நொதிக்கும் ஒவ்வாமை வரலாம்.

மற்றவற்றுக்கு இந்த வசதி இல்லை. கல்சியம் ஹைட்ரொக்சிலபடைட், ரேடியஸ் என்ற பெயரில் வருவது, எலும்பிலும் பல்லிலும் உள்ள தாதுவின் நுண்மணிகளை ஜெல்லில் கலந்தது. ஆழமான மடிப்புக்கும் தாடை வரிக்கும் நல்லது, ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும். உதட்டிலும் கண்ணுக்குக் கீழும் போட்டால் கட்டி தட்டும். சிடி ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும், எக்ஸ்ரேயிலும் தெரியலாம் என்பதால் பின்னாளில் முகத்தை ஸ்கேன் எடுக்கும்போது சொல்லிவையுங்கள்.

பொலி-எல்-லக்டிக் அமிலம், அதாவது ஸ்கல்ப்ட்ரா, நிரப்புவதை விட, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனை உடம்பே உருவாக்கத் தூண்டும். கரையும் தையல்நூலில் இருக்கும் பொருள்தான். போட்ட அன்றைக்குத் தெரியும் பூரிப்பு கலந்த தண்ணீர்தான், சில நாளில் வற்றிவிடும். உண்மையான பலன் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை போட்ட பிறகு மெல்ல வரும், இரண்டு வருடம் வரை இருக்கும். போட்ட பிறகு ஐந்து நாட்களுக்கு, ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஐந்து நிமிடம் முகத்தைத் தேய்க்கச் சொல்வார்கள். ஒட்டுமொத்தமாக மெலிந்து ஒட்டிய முகத்துக்கு ஏற்றது. அடுத்த மாதம் கலியாணம் என்பவர்களுக்கு உதவாது.

பிஎம்எம்ஏ என்பது பிளாஸ்டிக் மணி, நிரந்தரம். மணிகளைத் தாங்கி வருவது மாட்டுக் கொலாஜன் என்பதால் முதலில் கையில் ஒவ்வாமைப் பரிசோதனையும் செய்யவேண்டும். முகம் வருடா வருடம் மாறும், மணி மாறாது. ஏதும் பிழை வந்தால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். சொந்தக் கொழுப்பை எடுத்துப் போடுவது சத்திரசிகிச்சை, அது வேறு கதை. திரவ சிலிக்கோனை முகத்தில் ஏற்றுவதாக யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். ஊசியில்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் ஹையலுரோன் பேனாவும் அப்படித்தான். அதைப் பாவிக்கவேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இல் எச்சரித்தது. இணையத்தில் வாங்கி வீட்டில் தாமே குத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

நான்காம் படி: இப்போது போடக்கூடாதவர்கள்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், முகத்தில் பருவோ புண்ணோ தொற்றோ உள்ளவர்கள் பொறுத்திருக்கவேண்டும். காயம் தடித்து வளரும் கீலோயிட் தோல், உடம்பின் எதிர்ப்புச்சக்தி உடம்பையே தாக்கும் லூப்பஸ் போன்ற நோய்கள், உதட்டில் அடிக்கடி வரும் கொப்புளம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லுங்கள். கொப்புளம் வருகிறவர்களுக்கு ஊசிக்கு முன் வைரஸ் எதிர்ப்புக் குளிசை கொடுப்பார்கள். பல் பிடுங்குவது, பல் சுத்தம் செய்வது எல்லாம் இரண்டு கிழமை முன்போ பின்போ இருக்கட்டும்.

சீனி வியாதிக்காரர் இரத்தச் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு போகட்டும். எங்கள் வீடுகளில் இது பாதிப் பேருக்குப் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். மீன் எண்ணெய்க் குளிசை, விற்றமின் ஈ, உள்ளிக் குளிசை, புரூஃபன் எல்லாம் ஊசி பட்ட இடத்தில் இரத்தம் கன்றிப்போகும் கண்டலைக் கூட்டும். டொக்டர் சம்மதித்தால் ஒரு கிழமை முன்பு நிறுத்தலாம். இருதயத்துக்கென்று போடும் அஸ்பிரினை மட்டும் உங்கள் பாட்டில் நிறுத்தவே வேண்டாம்.

ஐந்தாம் படி: ஆளையும் இடத்தையும் சரிபார்ப்பது

மருந்தைத் தெரிவுசெய்வதை விட இதுதான் முக்கியம். ஊசி போடுகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவான வைத்தியரா என்று பெயரைக் கேட்டு அறியுங்கள். தோல் வைத்திய நிபுணர், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஆகியோர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பயின்று நிபுணராக வெளிவருகிறவர்கள். சுவரில் தொங்கும் "அழகியல் டிப்ளோமா" சட்டகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது. தனியார் வைத்திய நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்கவேண்டும். மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் பதிவு செய்வது, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. "இது அங்கே பதிவான மருந்தா?" என்று கேட்கும்போது டொக்டரின் முகத்தைப் பாருங்கள். நல்லவர் கோபிக்கமாட்டார்.

நான் கேட்ட மற்றக் கேள்விகள் இவை. எத்தனை வருடமாக நீங்கள் இதைப் போடுகிறீர்கள்? இந்த இடத்துக்கு ஊசியா, முனை மழுங்கிய மெல்லிய குழாயான கனியுலாவா, ஏன்? ஹையலுரோனிடேஸ் இங்கே இருக்கிறதா, காட்டமுடியுமா? இரவு பதினொரு மணிக்கு எனக்கு முகம் வலித்தால் யாரை அழைப்பது? முதல் டொக்டர் கடைசிக் கேள்விக்கு "அப்பிடி ஒண்டும் வராது" என்றார். இரண்டாமவர் தன் கைத்தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து குப்பியையும் காட்டினார். அப்புறம் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

காசைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். ஃபில்லர் சிரிஞ்சுக் கணக்கில் விற்பது, ஒன்றில் பெரும்பாலும் 1 மில்லி லீற்றர். ஐந்து சிரிஞ்சு சேர்ந்தால்தான் ஒரு தேக்கரண்டி. ஆகவே "முழு முகத்துக்கும் இவ்வளவு" என்று ஒரு விலை சொன்னால் எத்தனை சிரிஞ்சு, என்ன மருந்து என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டு கிழமை கழித்துப் பார்க்கும் கட்டணம் உள்ளடக்கமா என்றும் கேளுங்கள். மலிவாகத் தருவதாகச் சொன்னால் ஒரே சிரிஞ்சை இரண்டு பேருக்குப் பிரிக்கிறார்களோ என்று பயப்படுங்கள். உங்கள் பெட்டியை உங்கள் முன்னால்தான் உடைக்கவேண்டும்.

ஆறாம் படி: போடும் நாளும் அதற்குப் பிறகும்

கலியாணம், பூப்புனித நீராட்டு விழா என்று ஏதும் இருந்தால் குறைந்தது நான்கு கிழமை முன்பு போடுங்கள். வீக்கம் சில நாட்களில் வடியும், கண்டல் பத்து நாள் வரை நிற்கலாம், திருத்தவேண்டியிருந்தால் அதற்கும் நேரம் வேண்டும். போட முன் படம் எடுக்கச் சொல்லுங்கள். பல ஜெல்களில் விறைப்பு மருந்து லிடோகெயின் கலந்தே வருவதால் வலி பொறுக்கக்கூடியது. முதல் நாளில் குறைவாகப் போட்டு, இரண்டு கிழமை கழித்துத் தேவையென்றால் கூட்டுகிற டொக்டரை நம்பலாம்.

அன்றைக்கு முகத்தை அழுத்தாதீர்கள், தேய்க்காதீர்கள், குப்புறப் படுக்காதீர்கள். ஒரு நாளைக்கு உடற்பயிற்சி, மது, கொதிக்கும் வெயில் மூன்றையும் தவிருங்கள். மேக்கப் அடுத்த நாள். மணப்பெண் அலங்காரக்காரி "அம்மாவுக்கும் ஒரு ஃபேஷியல்" என்று இழுத்தால் இரண்டு கிழமை தாண்டட்டும் என்று சொல்லுங்கள். எங்கள் தோலில் கண்டல் ஆறிய பின்பும் கறுப்புத் தழும்பு தங்கும், வெயில் பட்டால் இன்னும் கூடும். குடையும் சன்ஸ்கிறீனும் அதற்குத்தான்.

ஏழாம் படி: ஆபத்தின் அடையாளங்கள்

அபூர்வம்தான். ஆனால் வந்தால் மணிக்கணக்கு முக்கியம். ஜெல் இரத்தக்குழாய்க்குள் போனாலோ, அதை அமுக்கினாலோ அந்தப் பகுதித் தோலுக்கு இரத்தம் போகாது. வெளுத்துப்போகும் என்று புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். எங்கள் நிறத்தில் அது சாம்பல் பூத்தது போலத்தான் தெரியும். பிறகு மீன்வலை போட்டது போல ஊதாக் கோடுகள் வரும். வலி குறையாமல் கூடும். விரலால் அழுத்திவிட்டு விரலை எடுங்கள், இரண்டு மூன்று விநாடியில் நிறம் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் காலைவரை பார்ப்போம் என்று படுக்கவேண்டாம், உடனே டொக்டரை அழையுங்கள். நேரத்தோடு நிறைய ஹையலுரோனிடேஸ் ஏற்றினால் தோல் பெரும்பாலும் பிழைக்கும்.

இன்னொன்று கண். புருவ நடுவிலும் மூக்கிலும் மூக்கோர மடிப்பிலும் ஓடும் இரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் இரத்தக்குழாயோடு தொடுப்புள்ளவை. ஊசியின் அழுத்தத்தில் ஜெல் பின்னோக்கி ஓடி விழித்திரையின் இரத்தக்குழாயை அடைத்தால் பார்வை போகலாம், திரும்பாமலும் போகலாம். புருவ நடுவில் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். போடும்போதோ பின்னரோ திடீரென்று பார்வை மங்கினால், கண் கடுமையாக வலித்தால், இமை விழுந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கொழும்பில் இருப்பவர்களுக்குத் தேசிய கண் ஆஸ்பத்திரி லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. என்ன மருந்து, எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் போட்டது என்பதை ஏறும்போதே சொல்லுங்கள்.

இதற்காகவே ஒரு வேலை செய்துவையுங்கள். ஃபில்லர் பெட்டிக்குள் பெயரும் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்று டொக்டரின் கோப்பில் ஒட்டுவார், இன்னொன்றைக் கேட்டு வாங்குங்கள். எப்போது எங்கே எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். மாதங்கள் கழித்துக் கட்டி தட்டினாலும் வேறு டொக்டரிடம் போனாலும் அந்த ஒரு துண்டுதான் பேசும்.

கடைசியில் நான் என்ன செய்தேன் என்றால், புருவ நடுவுக்குப் பொடொக்ஸ், கன்னத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சிரிஞ்சு ஹையலுரோனிக் அமிலம், அவ்வளவுதான். மூக்கோர மடிப்பில் ஒரு துளியும் போடவில்லை. அது முழுதாகப் போகவில்லை, பாதியாயிற்று. கலியாணப் படங்களில் நான் நித்திரை கொண்டு எழுந்தவள் போல இருக்கிறேன். ஸ்டிக்கர் சீனி மருந்துக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

அதை மச்சாளுக்குக் காட்டி, "உங்களுக்குப் போட்டது என்ன மருந்து?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "மறந்திட்டன் மச்சாள். கேட்கவும் இல்லை" என்றாள். ஊர் திரும்பி இரண்டு கிழமை கழித்து வைபரில் ஒரு படம் வந்தது. கிளினிக்கில் கேட்டு வாங்கிய ஸ்டிக்கர், கடவுச்சீட்டின் உறையில் ஒட்டியிருந்தாள்.